உன் சட்டைப்பையில் இருந்த சித்தரத்தை

அப்பு,

பொங்கல் விடுமுறை முடிந்து நீ ஹைதராபாத்துக்குத் திரும்பிய மறுநாள், நீ விட்டுவிட்டுப் போன கோடு போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். தண்ணீரில் முக்குவதற்கு முன் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது என் பழக்கம். பஸ் டிக்கெட்டோ பேனா மூடியோ இருக்கும். அன்று ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் சித்தரத்தை. சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கிய நான்கு துண்டுகள். ஒன்றில் பல் பதிந்த தடம் இருந்தது. குழாயை மூடிவிட்டு, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன வயதில் உனக்குச் சளி பிடித்தால் சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, நான் திரும்பும் நேரம் பார்த்து மிச்சத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவாய். அந்தக் காரம் உனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நீ அதைத் தேடி வாங்கி, பாக்குப்போல நறுக்கி, பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்றால் அதை யாரிடம் பார்த்துக் கற்றாய் என்பது எனக்குத் தெரியும். கன்னத்துக்குள் சித்தரத்தையை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனவர் நம் வீட்டில் ஒருவர்தான். எதற்காக அடக்கினார் என்பதும் நம் இரண்டு பேருக்கும் தெரியும். இருமல் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதற்காக.

அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டேன். "சித்தரத்தை எதுக்கு அப்பு?" என்று கேட்டேன். "எந்தச் சித்தரத்தைம்மா?" என்றாய். பிறகு, "தொண்டை கட்டியிருந்துச்சு, பனிக்கு" என்றாய். "பனி இங்கதானே, அங்கே என்ன பனி?" என்றேன். "ஏசி ரூமும்மா, இருவத்துநாலு மணி நேரமும் ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி. நீ சும்மா எதையாச்சும் போட்டுக் குழப்பிக்காத" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நீ போனைக் கையால் பொத்திக்கொண்டாய். பொத்தினாலும் கேட்கும், அப்பு. மூன்று வருஷம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுப் பழகிய காது இது.

போனில் பேசினால் நீ என்னைச் சிரித்தே மடக்கிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் அதையும் மடித்து அதே சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய் என்பதால் பத்திரிகைக்கும் ஒரு படி கொடுக்கப்போகிறேன். உன் பெயரையோ நீ வேலை செய்யும் இடத்தின் பெயரையோ எழுதவில்லை. உன்னைப் போல ஆய்வுக்கூடத்தில் பொடி நிறுக்கிற பிள்ளைகள் இன்னும் பல வீடுகளில் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் துவைப்பதற்கு முன் பைக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும்.

முதலில் என் தப்பிலிருந்து தொடங்குகிறேன். அதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன்னிடமும்தான்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் பள்ளி என்னை விடவில்லை. பலசரக்குக் கடையில் மடித்துக் கொடுக்கிற தாளைக்கூட நேராக்கிப் படித்த பிறகுதான் அடுப்பில் போடுவேன். நீ பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் எனக்கு மறுபடியும் வகுப்பு தொடங்கிவிட்டது. உன் புத்தகத்துக்கு அட்டை போடுகிற அன்றே முதல் பாடத்தைப் படித்துவிடுவேன். நீ மனப்பாடம் பண்ணாததை நான் பண்ணினேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருஷம் நானும் தனித்தேர்வராக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்குச் செய்முறை உள்ள அறிவியல் பாடம் கிடையாது என்றார்கள். அதனால் வரலாறும் பொருளியலும் எழுதிவிட்டு, உன் உயிரியல் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். தேர்வு அறையில் சீருடை போட்ட பிள்ளைகள் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அப்பா, "எந்திரிச்சு நின்னாங்கள்ல, பெறகென்ன, பாதி டீச்சர் ஆயிட்ட" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

உன் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். சுண்ணாம்புத் தொட்டிதான் அவர் இடம். ஆட்டுத்தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பிலும் இன்னொரு நாற்றம் பிடித்த மருந்திலும் ஊறப்போடுவார்கள். முழங்கால் வரை அதில் நின்று தோலை இழுத்துப் போடவேண்டும். பாதம் வெடித்து ரத்தம் வரும். நம் தெருக் கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷம் உப்பாகிப் பழுப்பானது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அகரம் பக்கம் பூ வைத்திருந்தவர்கள், கழிவுத் தண்ணீர் வந்துதான் செடி கருகிவிட்டது என்று ஷாப்பு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கொட்டகையில் புதிதாக ஒரு பொடி கலக்கும் வேலை ஆரம்பமானது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதி டிரம்மில் வரும். அதை மரத்தூளோடும் உப்போடும் கலந்து, சலித்து, மூட்டை கட்டவேண்டும். தோலை மிருதுவாக்க அந்தப் பொடி போதும். மருந்தின் அளவு குறையும். கழிவும் குறையும் என்றார்கள். அது பொய்யில்லை. நான் இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

அந்த வேலைக்கு அவரை மாறச் சொன்னவள் நான். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. உன் அறிவியல் புத்தகத்தில் நொதியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. எனக்கு அதைப் படித்ததும் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. சோறு மென்றால் இனிப்பது ஏன் என்பதிலிருந்து ஆரம்பித்து அவருக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் சேர்ந்த முதல் வாரம், கூட வேலை பார்த்த ராயப்பன் அண்ணன், "என்னய்யா மாப்பிள்ளை, மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டு? பொண்ணு பாக்க வந்தவக முன்னால நிக்கிற மாதிரி வெக்கப்படுற" என்று கேலி செய்தாராம். சலிக்கும்போது பொடி புகை மாதிரி எழும்பும் என்பதால் இவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்.

"ஏ புள்ள, நெசமாவே அந்தப் பொடி ஒண்ணும் செய்யாதா? நீ படிச்சவ, பாத்துச் சொல்லு."

நான் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, கோடு போட்டு வைத்திருந்த வரியைப் படித்தேன். 'நொதி என்பது உயிருள்ள செல்களில் உண்டாகி, தான் மாறாமல், பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்.' படித்துவிட்டுச் சொன்னேன்: "இது கெமிக்கல் இல்லைங்க. நம்ம எச்சில்ல இருக்கிறதுதான். சுண்ணாம்பு மாதிரி அரிக்காது. துண்டு எதுக்கு, வேர்த்து வடியவா?"

மறுநாளிலிருந்து அவர் துண்டைத் தோளில்தான் போட்டுக்கொண்டார். அந்த வரியையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கொட்டகையில் யாராவது பொடியைப் பற்றிப் பயந்து பேசினால், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாராம். "எம் பொண்டாட்டி சொன்னது, புஸ்தகத்துல இருக்கு" என்று முடிப்பாராம். ராயப்பன் அண்ணன் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

புத்தகம் பொய் சொல்லவில்லை, அப்பு. அதில் இருந்ததெல்லாம் உண்மை. எச்சிலில் இருப்பதும் மூச்சில் போவதும் ஒன்றில்லை என்பது மட்டும் அதில் இல்லை. இல்லாததை நான் இருப்பதாகச் சேர்த்துப் படித்தேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு வருகிற தப்பு அது. உனக்கும் வரும் என்பதால்தான் சொல்கிறேன்.

முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பாத வெடிப்பு ஆறியது. உன் சைக்கிளை அவரே மிதித்துக்கொண்டு கன்னிவாடி வரை போய் வந்தார். இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு சாயங்காலங்களில் வறட்டு இருமல். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பனி என்றேன். சளி மாத்திரை கொடுத்தார்கள். காசநோயாக இருக்கும் என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. ஒரு டாக்டர், "எப்பெப்ப இருமுறார்னு குறிச்சு வைங்கம்மா" என்றார். என்னிடம் போய்க் குறிக்கச் சொன்னால் விடுவேனா? உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கட்டம் போட்டுத் தேதி, கிழமை, காலை, மாலை என்று எழுத ஆரம்பித்தேன். இருமல் இருந்தால் ஒரு கோடு, மூச்சு வாங்கினால் இரண்டு கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. திங்கட்கிழமைக் கட்டங்களில் கோடு நெருக்கமாக இருந்தது. அதை என் கையால் எழுதியவள் நான். ஞாயிறு ஓய்வு, அதனால் இருமல் குறைவு என்று நினைத்தேன். நோட்டைக் கொண்டுபோனபோது அந்த டாக்டர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கும்மா" என்றார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இதற்கிடையில் கொட்டகையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதைச் சட்டமாக யாரும் போடவில்லை. காலையில் மேஸ்திரி வாசலில் நின்று ஆளெடுப்பார். இருமுகிறவனைப் பார்த்தால், "நீ ரெண்டு நாள் வீட்ல இரு, ஒடம்பப் பாரு" என்பார். கனிவாகத்தான் சொல்வார். இரண்டு நாள் கழித்துப் போனால் அந்த இடத்தில் வேறு ஆள் சலித்துக்கொண்டிருப்பான். அதனால் எல்லோருமே வாசலைத் தாண்டும்வரை இருமாமல் இருக்கப் பழகினார்கள். ஒருவர் கிராம்பு, ராயப்பன் அண்ணன் பனங்கற்கண்டு, உன் அப்பா சித்தரத்தை. வாசலில் வரிசையாக நிற்கும்போது எல்லோருடைய கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருக்கும். "என்னய்யா, எல்லாருக்கும் பல்வலியா?" என்று மேஸ்திரி கேட்க, எல்லோரும் சிரிப்பார்களாம். சிரித்தாலும் இருமல் வரும் என்பதால் அதையும் அளவாகச் சிரிப்பார்களாம். இதை வீட்டில் உன் அப்பா நடித்துக் காட்டுவார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்போடு சேர்த்து எதைக் கற்றுக்கொண்டாய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது தண்ணீர்ப் பிரச்சினையில் ஷாப்புகள் எல்லாம் மூன்று வாரம் மூடியிருந்தன. பொடிக்கும் வேலையில்லை. முதல் வாரம் முடிவதற்குள் அவர் தலையணையை அடுக்காமல் நேராகப் படுத்தார். இரண்டாவது வாரம் மாடிக்குத் தண்ணீர் சுமந்தார். மூன்றாவது வாரம் உன்னோடு பந்து விளையாடினார். மூன்று வாரமும் நோட்டில் ஒரு கோடு இல்லை. பிறகு திறந்தார்கள். முதல் நாள் காலையில் போனவரைப் பதினோரு மணிக்கு ராயப்பன் அண்ணன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். உதடு நீலமாக இருந்தது. "புதுச் சரக்கு தங்கச்சி. நல்ல பவர். முந்தி ஒரு மூட்டைக்குப் போட்டதுல பாதி போட்டாப் போதும்" என்றார். அப்போதுதான் நோட்டை எடுத்து ஞாயிறுகளையும் திங்கள்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. என் எழுத்தில்.

போகவேண்டாம் என்றேன். "பய பரீட்ச முடியட்டும் புள்ள. அம்புட்டு நாள் தாங்கிட்டேன், இம்புட்டு நாள் தாங்க மாட்டனா?" என்றார். துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "இப்பக் கட்டி?" என்று மட்டும் கேட்டார். முதல் தடவை மூச்சில் போகும்போது அந்தப் பொடி ஒன்றும் செய்யாது, அப்பு. உடம்பு பார்த்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை எதிரி என்று முடிவு செய்துவிட்டால், பிறகு ஒரு சிட்டிகை போதும். இதையெல்லாம் நான் பிறகு நூலகத்தில் படித்தேன். சோப்புத்தூளில் நொதி சேர்க்கிற தொழிற்சாலைகளில் எப்போதோ கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்குப் பொடி வந்து சேர்ந்தது, அந்த எழுத்து வந்து சேரவில்லை. நீ கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு மத்தியானம், முக்காலியில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்தபடியே அவர் போனார். நீ மதுரையிலிருந்து வந்து சேர்வதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ அதை எனக்கு விளக்கியது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு மருந்தைச் செய்ய முன்பெல்லாம் உலோகமும் கொதிக்கிற சூடும் கரைப்பானும் வேண்டும், கழிவும் மலையாகக் குவியும். நொதி இருந்தால் அந்த வேலை வெதுவெதுப்பான தண்ணீரிலேயே நடந்துவிடும் என்றாய். ஆனால் இயற்கையில் இருக்கிற நொதி அந்த வேலைக்கென்று பிறந்ததில்லை. சோம்பலாகச் செய்யும், சூடு பட்டால் செத்துவிடும். அதனால் அதன் மரபணுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, ஆயிரக்கணக்கில் வகைகளை வளர்க்கிறீர்கள். "பணியாரச் சட்டி மாதிரி ஒரு தட்டும்மா, தொண்ணூத்தாறு குழி. ஒவ்வொரு குழியிலயும் ஒரு வகை. எந்தக் குழி நல்லா மஞ்சளாகுதோ அதை எடுத்து மறுபடியும் மாத்துவோம். அதுல எது நல்லா வருதோ அதை மறுபடி. ஏழாவது சுத்துல வந்தது பாரு, ராட்சசன்" என்றாய். தான் மாறாமல் மற்றதை மாற்றும் என்று நான் படித்த ஒன்றை நீங்கள் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கக் கேட்க எனக்கு மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டது. மாவு கரைத்துக்கொண்டே, "தேர்ந்தெடுக்கும்போது அதுகிட்ட என்னென்ன கேப்பீங்க?" என்றேன். "எம்புட்டு வேகம், எம்புட்டு சூடு தாங்கும், கரைப்பான்ல எத்தனை நாள் சாகாம இருக்கும்" என்றாய். "வேற?" என்றேன். "வேற என்ன கேக்கணும்?" என்று சிரித்தாய்.

அப்போது எனக்கு அய்யலூர்ச் சந்தை ஞாபகம் வந்தது. உனக்குப் பத்து வயது. வளர்க்க ஒரு ஆடு வேண்டும் என்று அடம்பிடித்து அப்பாவோடு போனாய். இருக்கிறதிலேயே கனமான ஆடுதான் வேண்டும் என்று நீ நிற்க, அவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கனமானதையே பிடித்து வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் அது வற்றிப்போய்க் கழிந்து செத்தது. உப்பைத் தின்னக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள். "கனத்தக் கேட்டோம், கனத்தக் குடுத்துட்டான். ஆட்டக் கேட்டோமா?" என்றார் உன் அப்பா. நீ மூன்று நாள் அழுதாய். அந்த ஏழாவது சுற்று ராட்சசனிடம் வேகத்தைக் கேட்டீர்கள், வேகம் வந்திருக்கிறது. சூடு தாங்கக் கேட்டீர்கள், தாங்குகிறது. எளிதில் சாகாத ஒன்று தூசியாகி ஒருவர் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று அந்தத் தொண்ணூற்றாறு குழிகளில் ஒன்றிலாவது கேட்டீர்களா?

"அப்பாவுக்கு வந்தது மட்டமான சரக்கும்மா. நாங்க செய்யிறது சுத்தமானது" என்றாய் அன்று போனில், நான் அப்பா பேச்சை எடுத்ததும். நான் யோசித்துப் பார்த்தேன். மட்டமான சரக்கில் முக்கால்வாசி மரத்தூள். உன்னுடையதில் மரத்தூளே இல்லை.

நான் பார்த்ததை எழுதுகிறேன், மறுக்க முடிந்தால் மறுத்துக்கொள். போகி அன்று காலை நீ வந்து இறங்கினாய். மாடிப்படியில் ஏழாவது படியில் நின்று, செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தாய். செருப்பில் ஒன்றுமில்லை. பொங்கல் அன்று கரும்பு கடிக்கும்போது இருமினாய், கரும்பு மேல் பழி போட்டாய். மாட்டுப்பொங்கல் அன்று இரண்டு தடவைதான். காணும் பொங்கல் அன்று உன் சித்தி மகனோடு நம் ஊர் மலைக்கோட்டையில் ஏறினாய். அந்தச் சரிவுப் பாறையில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து வர, நீ மேலே ஓடி நின்று கையை ஆட்டினாய். கீழே நின்ற என்னைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் விரலை மடக்கி நாளை எண்ணினேன். நான்கே நாளில் இவ்வளவு குணமாகிற சளி ஒன்று உண்டா? திரும்பிப் போன மறுநாள் போனில் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாய்.

அடுத்த மாதம் முதல் உனக்குப் பதவி உயர்வு, புதுத் தொழிற்சாலையில் அந்த நொதியைப் பெரிய அளவில் உலர்த்திப் பொடியாக்குகிற கூடத்துக்கு நீதான் பொறுப்பு என்று சொன்னாய். இதுவரை நீ கரண்டியால் நிறுத்ததை இனி மூட்டையாகப் பார்க்கப்போகிறாய். நீ இருமலை ஏன் மறைக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். சொன்னால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். உன் வாசலில் மேஸ்திரி நிற்கமாட்டார். கண்ணாடிக் கதவும் அடையாள அட்டையும் இருக்கும். ஆனால் நீயும் கன்னத்தில் சித்தரத்தையை ஒதுக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறாய்.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. நம் கிணற்றைக் கெடுத்தது என்ன என்று தெரிந்தவள், உன் வேலையை எப்படிக் கெட்டது என்பேன்? அந்தக் கூடத்துக்குள் போகாதே என்கிறேன். அங்கே உள்ள டாக்டரிடம் போய், "லீவுல இருமல் நின்னுடுது, வேலைக்கு வந்தா வருது" என்று இந்த ஒரு வரியைச் சொல். உன் அப்பா அதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. பொடியாக்கியே தீரவேண்டுமா என்று உன் மேலதிகாரியிடம் கேள். திரவமாகவே வைக்கலாம், சவ்வரிசி மாதிரிப் பூச்சுப் பூசிய மணிகளாக உருட்டலாம் என்று நான் படித்தேன். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். மூடிய இயந்திரமும் நல்ல முகமூடியும் வரும்வரை வேறு யாரையும் உள்ளே அனுப்பாதே. உனக்குப் பதிலாக ஒருவன் உள்ளே போனால் அவன் சட்டையையும் ஒருத்தி துவைக்கிறாள்.

இதோடு அந்தக் கணக்கு நோட்டை அனுப்புகிறேன். பின்பக்கம் இன்னும் பதினொரு தாள் வெறுமையாக இருக்கிறது. உன்னைப் பார்த்த நான்கு நாளையும், போனில் கேட்ட ஒரு நாளையும் நானே கட்டம் போட்டு எழுதிவிட்டேன். போகிக்கு இரண்டு கோடு. காணும் பொங்கலுக்கு ஒன்றுமில்லை. மிச்சத்தை நீ எழுது, டாக்டரிடம் காட்டு. அவர் எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வேறு டாக்டரிடம் போ.

இனி நான் போனில் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ எதையும் விளக்கவேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கூப்பிடு. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொல்வாரே, அந்த ஒரு வரியை மட்டும் எனக்குச் சொல். உனக்கும் அது மனப்பாடம்தான். நடுவில் நிறுத்தாமல் சொல். நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசி வாரத்தில் ஒருநாள், என்னைச் சிரிக்கவைக்க அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். "நொதி என்பது உயிருள்ள செல்களில் உண்டாகி, தான் மாறாமல்" என்பது வரை வந்தது. அதற்குமேல் மூச்சு இல்லை. கையைக் கட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை நான்தான் சொல்லி முடித்தேன்.

உனக்கு நான் சொல்லி முடிக்கமாட்டேன், அப்பு.

திங்கட்கிழமை போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா